நாற்பது கேசட்டில் இல்லாத பதில்

சுந்தரவல்லியின் ஆங்கில வகுப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஹவுராவில் சுற்றுலா வழிகாட்டிகளைத் தயார்செய்யும் அந்தச் சின்ன நிறுவனத்தின் இயக்குநர் சந்தானம், ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பிடித்த பிடியை விடாதவர். "இந்தத் தடவை டூர் கம்பெனி இன்டர்வியூல உங்க பசங்க தேறலேன்னா, பழைய கைடு புஸ்தகத்துக்கே போயிடலாம்மா. இந்தக் கேசட் கூத்தெல்லாம் போதும்" என்று சொல்லிவிட்டார். அது 2003.

கேசட் கூத்து என்று அவர் சொன்னது இதைத்தான். ஓராண்டாக அவள் படகுத்துறையில் நின்று, வெளிநாட்டுப் பயணிகளும் வழிகாட்டிகளும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதை, அனுமதி கேட்டு, நாற்பது கேசட்டில் பதிவுசெய்திருந்தாள். கல்கத்தா டாக்குரியாவில் இருந்த தன் வீட்டில் விரல் வலிக்க வலிக்க அத்தனையையும் கம்ப்யூட்டரில் அடித்தாள். எந்தத் தொடர் எத்தனை முறை வருகிறது என்று அது எண்ணிச் சொல்லும். அப்படிச் சேர்த்த பேச்சுக்குக் கார்ப்பஸ் என்று பெயர். அதை வைத்தே பாடம் நடத்தினாள்.

ஒருநாள், 'எனக்குத் தெரியாது' என்பதற்கான ஆங்கிலத் தொடரைத் தேடினாள். பயணிகள் நூற்றுப்பன்னிரண்டு முறை சொல்லியிருந்தார்கள். வழிகாட்டிகள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நம் ஆட்களுக்கு அது வாயில் வராதே! வழி கேட்டால்கூடத் தெரியாது என்போமா, ஏதோ ஒரு பக்கம் கையை நீட்டிவிடுவோம். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. மறுநாளிலிருந்து, "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று கூச்சமில்லாமல் ஆங்கிலத்தில் சொல்ல வகுப்பையே பழக்கினாள்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு கிளாஸா?" என்று சந்தானம் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்டர்வியூவில் கம்பெனி அதிகாரி ஒரு பழைய மாளிகையின் படத்தைக் காட்டி, இதில் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டார். வேறு இடங்களில் படித்து வந்தவர்கள் வெளுத்து வாங்கினார்கள். ஒருவன் அதில் நவாபைக் குடிவைத்தான். இன்னொருவன் கவர்னர் மகளின் ஆவியையே உலவவிட்டான். சுந்தரவல்லியின் மாணவி ஜலஜா, சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்புப் பெண், படத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு தெளிவான ஆங்கிலத்தில், "எனக்குத் தெரியாது சார். சாயங்காலத்துக்குள் விசாரித்துச் சொல்கிறேன்" என்றாள்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அது அவர் பிறந்து வளர்ந்த வீடு. அவருடைய அப்பா சணல் வியாபாரி.

வேலைக்கான ஆறு இடங்களில் ஐந்து சுந்தரவல்லியின் வகுப்புக்கே கிடைத்தன. சந்தானம் படியிறங்கி ஓடிவந்தார்.

"நம்ம கிளாஸ் ஜெயிச்சுடுத்தும்மா!"

"காத்தால வரைக்கும் அது என் கிளாஸ் சார்" என்றாள் சுந்தரவல்லி.