கருவிக்கு வைத்த பொட்டு

"நர்மதா, பூசைய மேசையோட நிறுத்திக்கோம்மா. மெஷின் மூக்குல ஒண்ணும் தடவாத" என்று இம்மானுவேல் சார் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கேட்டால்தானே! அவர் முதலாளியாக இருக்கலாம், கருவியை ராப்பகலாக உட்கார்ந்து செய்தவள் நான். ஆயுத பூசை அன்று கும்மிடிப்பூண்டியில் தண்ணீர் மோட்டாருக்குக்கூடப் பொட்டு வைக்கிறார்கள், இதற்கு மட்டும் கிடையாதா? அவர் தலை மறைந்ததும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமத்தை நன்றாக அப்பினேன். மூக்கிலேயே.

அந்த மூக்கில்தான் எல்லாமே இருக்கிறது. அதில் ஒரு சின்ன சன்னல், சன்னலில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன் வழியாக எக்ஸ்ரே போய்ப் பொருளின்மேல் விழும். பொருளில் துளி ஈயம் இருந்தாலும் அது தனக்கே உரிய ஒளியைத் திருப்பி அனுப்பும், கருவி அதை அளந்து சொல்லும். ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் கிண்ணத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றுமில்லாத கிண்ணத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால்தான் மற்றதை நம்பலாம். இதை எழுதிச் சுவரில் ஒட்டிய மகராசியும் நான்தான்.

மறுநாள் கருவியைத் தூக்கிக்கொண்டு பழவேற்காட்டில் எங்கள் குப்பத்துக்குப் போனேன். பச்சையம்மா சின்னம்மாவும் நாலைந்து பெண்களும் சேர்ந்து காயவைத்த இறாலை மொத்தமாக வாங்கிக்கொள்ள பூவராகவன் என்ற வியாபாரி வந்திருந்தார். வருஷம் முழுக்க வாங்குவதாகப் பேச்சு. "எங்க அக்கா பொண்ணு செஞ்ச மெஷினு. சுத்தமா கீதா இல்லியான்னு அதுவே சொல்லும்" என்று சின்னம்மா ஊரையே கூட்டி வைத்திருந்தாள். அத்தனை பேர் பார்க்கும்போது வெறும் கிண்ணத்தைக் காட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. இறாலைப் பொடித்துக் கிண்ணத்தில் போட்டு நேராக விசையை அழுத்தினேன்.

ஈயம். கொஞ்சநஞ்சம் இல்லை.

"இன்னாம்மா, விஷத்த என் தலையில கட்டப் பாத்தீங்களே" என்று பூவராகவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் சின்னம்மாமேல் பாய்ந்தேன்.

"எதுமேல காயவெச்சீங்க சின்னம்மா? சுமலதா மாசமா கீறா. இத துன்னா வயித்துல கீற புள்ளைக்கு மூள வளராது, தெரியுமா?"

சின்னம்மா தன் மகள் சுமலதாவைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "பழைய படகுப் பலகைமேல கொஞ்சம் வெச்சேன் போலக்குது. பெயின்ட்டு ஒட்டிக்கினு இருக்கும். என் தப்புதான்."

மற்ற பெண்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் அதைத் தடுக்கவில்லை. "இனிமேலாச்சும் பாத்துச் செய்யுங்க" என்று புத்தி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

கம்பெனிக்குத் திரும்பி, வழக்கம்போல வெறும் கிண்ணத்தை வைத்தேன். ஈயம். கிண்ணத்தை மாற்றினேன். அப்போதும் ஈயம். கருவியைத் திருப்பி மூக்கைப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு சிவந்துபோனது. பூசைத் தட்டில் மிச்சமிருந்த குங்குமத்தை வைத்துப் பார்த்தால் அளவு எங்கேயோ எகிறியது. நிறத்துக்காக அதில் ஈயச் செந்தூரத்தைக் கலந்து விற்றிருக்கிறான் கடைக்காரப் பாவி. சன்னல் தாளை மாற்றி, கொண்டுவந்த இறால்பொடியை மறுபடி வைத்தேன். ஒன்றுமே இல்லை. பால்போலச் சுத்தம்.

இம்மானுவேல் சார் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. "போன்ல சொல்லாத, நேர்ல போ" என்று மட்டும் சொன்னார். சிவந்த பஞ்சை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல வெட்கம் பிடுங்கித் தின்றது.

விடிந்ததும் குப்பத்துக்குப் போனேன். எல்லாப் பெண்களையும் சின்னம்மா வீட்டு வாசலில் கூப்பிட்டு வைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர்கள் எதிரிலேயே பூவராகவனுக்குப் போன் போட்டேன். "உங்க மெஷின நம்பி இன்னொரு வாட்டி வர முடியாதும்மா" என்று வைத்துவிட்டார். ஒருத்தி காறித் துப்பிவிட்டு எழுந்து போனாள். எனக்கு வேண்டியதுதான்.

"பலகைமேல வெச்சேன்னு ஏன் சின்னம்மா சொன்னீங்க?"

"எங்க வெச்சேன்? எப்பவும் போல வலைமேலதான். நீ செஞ்ச மெஷினு பொய் சொல்லுமாடி? என் கைதான் எங்கயோ தப்பு பண்ணிருக்கும்னு நெனச்சுக்கினேன்." ஏதோ கேட்க வாயெடுத்துத் தயங்கினாள். "அப்ப என் கையில விஷம் இல்லியா?"

"இல்ல சின்னம்மா."

"நீ சொல்ட்டுப் போனதுலேந்து சுமலதாவுக்கு நான் ஒரு வாய் சோறு போடல. அதுவே பொங்கித் துன்னுது."

கையை விரித்துக் காட்டினாள். சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

உள்ளே போய்ச் சோறு பிசைந்து கொண்டுவந்தாள். மகளுக்கு ஒரு கவளம் ஊட்டினாள். அடுத்த கவளத்தை உருட்டி, "நீயும் ஒண்ணும் துன்னாமதான் வந்திருப்ப" என்று என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.