நடுவில் ஒரு மங்கல்

மூன்றாவது கேமராவும் திரும்பி வந்துவிட்டது. டெஸ்டர் அதைக் கடை மேசையில் வைத்து முறைத்தான். சட்டைப் பித்தான் அளவு லென்ஸ், அதைத் தாங்க ஒரு பச்சைத் தகடு, வால் மாதிரி ஒரு யுஎஸ்பி வயர். அதுவும் அவனைத் திருப்பி முறைத்தது. அதற்கு வேறு வேலை தெரியாது.

டெஸ்டர் என்பது அவன் பெயரல்ல. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு போய், மைக்செட் ஏன் உறுமுகிறது என்று சுவிட்ச் பெட்டியைத் திறக்கிற ஆளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? ரிப்பேர் வேலையும் உதிரிபாக வியாபாரமும் ஒரே கடையில் செய்கிறான். எந்தப் பொருளானாலும் அதன் குறையைக் கண்டுபிடித்துவிடுவேன் என்கிற தலைக்கனம் அவனுக்குக் கொஞ்சம் உண்டு. அந்தத் தலைக்கனத்தில்தான் அத்தான் இப்போது மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளைக் கொண்டு விட்டுவிட்டு வந்தால், மறுபடி கூட்டி வரப் போகும்வரை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் உட்கார்ந்திருப்பார். பித்தளைத் துண்டுகளை அறுத்து, அரத்தால் ராவி, விரல் நீளத்தில் இன்ஜின் செய்வார். பொம்மை இல்லை, உண்மையிலேயே ஓடும். அதன் பல்சக்கரத்துக்குப் பல் வெட்டப் பூதக்கண்ணாடி போதவில்லை என்றுதான் கேமரா கேட்டார்.

"சின்னதா ஒண்ணு போதும் மாப்ள. ஸ்டாண்டுல மாட்டிடுவேன். கைய அசைச்சா திரையிலயும் உடனே அசையணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று ஆரம்பித்த எந்த வேலை சுலபத்தில் முடிந்திருக்கிறது? முதலில் தானாகவே ஃபோகஸ் செய்துகொள்ளும் கேமராவைக் கொடுத்தான். கை குறுக்கே வந்தால் படம் தடுமாறுகிறது என்றார். நியாயம்தான். அந்த வகைக்கு அப்படி ஒரு புத்தி உண்டு. அடுத்து, ஃபோகஸ் நிலையாக இருக்கும் அகல லென்ஸ் கொடுத்தான். கோடு வளைகிறது என்றார். அகல லென்ஸில் ஓரத்துக் கோடு வளையத்தான் செய்யும். தப்பு தன்னுடையது என்று தலையில் அடித்துக்கொண்டான். ஓரத்தில் வளைகிறதா, நடுவில் வளைகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்த கோளாறாக இருந்ததால் வாய் கேட்க மறந்துவிட்டது.

மூன்றாவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேர்ந்தெடுத்தான். கோடு வளையாத லென்ஸ், கையால் திருகிக் கிட்டத்தில் ஃபோகஸ் வைக்கலாம். சரியாக வைத்து, நகராமல் இருக்க ஒரு சொட்டுப் பசையும் தடவிக் கொடுத்தான். அதைத்தான் அக்கா இப்போது காய்கறி வாங்க வந்த வழியில் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். "நடுவுல மங்கலா இருக்காம்டா" என்று சொன்னாள். பார்த்தால், பசையைப் பிளேடால் சுரண்டி, லென்ஸை இஷ்டத்துக்குத் திருகி வைத்திருந்தார் மனுஷர்.

டெஸ்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. தன் கம்ப்யூட்டரில் செருகினான். ஸ்டீல் ஸ்கேலை அடியில் வைத்து லென்ஸைத் திருகினான். அரை மில்லிமீட்டர்க் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து நின்றன. நடுவிலும் தெளிவு, மூலையிலும் தெளிவு. கேமராவில் ஒரு குறையும் இல்லை.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று கடையைப் பாதி சாத்திவிட்டு, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

ஷெட்டில் அத்தான் வைஸ் இடுக்கியில் பித்தளையை இறுக்கிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் மஞ்சள் பொடி. டெஸ்டர் பேச்சுக் கொடுக்காமல் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஸ்கேலை வைத்து, அங்கிருந்த கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"பாருங்க அத்தான். கோடு எப்படி நிக்குது?"

"எங்க நிக்குது? நடுவுல அழுக்கு அப்புன மாதிரி இருக்கு. கோடு வேற நெளியுது."

"இது அகல லென்ஸ் இல்ல அத்தான். இதுல நெளியாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

டெஸ்டர் திரையைத் துடைத்தான். அதே மங்கல் என்றார். வயரை மாற்றினான். அதே மங்கல். கேமராவைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகிக் காட்டினான். அதிலும் நடுவில்தான் மங்கல் என்றார். அவன் பார்க்கும்போது மட்டும் எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது.

கோளாறு தேடுவதில் அவனுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வருவான். எல்லாவற்றையும் மாற்றியும் கோளாறு போகவில்லை என்றால், மாற்றாமல் விட்டது எது என்று பார்ப்பான். இப்போதும் பழக்க தோஷத்தில் சுற்றிப் பார்த்தான். கேமரா மூன்று மாற்றியாயிற்று. வயர், திரை, கம்ப்யூட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. மாற்றாதது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

டெஸ்டர் திரையின் பக்கத்தில் குனிந்தான்.

"அத்தான், ஸ்கேல்ல ஏழாம் நம்பரப் பாருங்க. தெரியுதா?"

"அதானே சொல்றேன். ஏழு மேலதான் மங்கல்."

"சரி. இப்ப மூணைப் பாருங்க."

அத்தான் பார்த்தார். "மூணும் மங்குது."

"கண்ண நகத்தாதீங்க. மூணையே பாருங்க. ஏழு எப்படி இருக்கு?"

அத்தானின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "ஏழு… ஏழு தெரியுது" என்றார் மெல்ல.

ஸ்கேல் நகரவில்லை, கேமரா நகரவில்லை. நகர்ந்தது அவர் பார்வை மட்டும்தான். அது போன இடத்துக்கெல்லாம் மங்கலும் கூடவே போயிருந்தது.

முந்தின நாள் சாப்பிடும்போது, அத்தான் வேனில் பள்ளிக்குப் போகும் தன் மகள் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வேனில் பிள்ளைகள் அவருக்கு ஆமை மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். "ஆமை மாமா இப்பல்லாம் சிக்னல் பக்கமே போறதில்லப்பா. சந்து சந்தா சுத்தித்தான் போறாரு" என்று அவள் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நிதானமாக ஓட்டுகிற மனுஷர் என்று மெச்சவும் செய்தான்.

"எப்பத்திலேருந்து அத்தான்?"

"மொதல்ல வலது கண்ணுதான். ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். இப்ப இதுவும்…" ராவிய பல்சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேமரால தெளிவாத் தெரிஞ்சிட்டா பயமில்லன்னு நெனச்சேன். தெரியல. அப்புறம் கேமராதான் மட்டம்னு நெனச்சுக்கிட்டேன். நீ ஒவ்வொண்ணா குடுக்கக் குடுக்க, இதுவும் மட்டமா இருக்கணும், இதுவும் மட்டமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன் மாப்ள."

"அக்காவுக்குத் தெரியுமா?"

இல்லையென்று தலையாட்டினார்.

"எம் பொண்ணு முன் சீட்ல உக்காந்து வருது அத்தான்!" டெஸ்டரின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில் அவர் தோளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மரம் மாதிரி நின்றான்.

"என்னங்க, நேரமாச்சு. இன்னும் கெளம்பலியா?" வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

அத்தான் எழுந்தார். பழகிய கை ஆணியில் தொங்கிய வேன் சாவியைப் பார்க்காமலே எடுத்தது. டெஸ்டர் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"சாவியக் குடுங்க."

"இன்னைக்கு மட்டும் மாப்ள. நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன், சத்தியமா. பழகுன ரோடுதானே?"

"ரோடு பழகுனது. குறுக்க வர்ற பிள்ள பழகுனதா?"

அத்தான் வேனைத் தினமும் கழுவுகிற மனுஷர். தன் வேனில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் பட்டதில்லை என்று சொல்லிச் சொல்லி எல்லோர் காதும் புளித்திருந்தது.

"வண்டிய எடுக்கலேன்னா நான் என்ன ஆளு மாப்ள?" என்றார்.

டெஸ்டர் கையை மட்டும் நீட்டியபடி நின்றான். கடைசியில் சாவி அவன் உள்ளங்கைக்கு வந்தது, சூடாக, வியர்வையோடு.

"நான் ஸ்கூலுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றான்.

"வேணாம். நானே சொல்றேன்." அத்தான் பையிலிருந்து போனை எடுத்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டு போனார், தள்ளிப் பிடித்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அதை டெஸ்டரிடம் நீட்டினார். "நம்பரை நீ எடுத்துக் குடு."

அவன் எடுத்துக் கொடுத்தான். அத்தான் முதுகை நிமிர்த்திக்கொண்டு பேசினார்.

"அம்மா, வேன் டிரைவர் பேசுறேன். இன்னைக்கு வேன் வராதும்மா. பெத்தவங்களுக்குச் சொல்லிடுங்க, வந்து கூட்டிட்டுப் போகட்டும்… இல்ல, நாளைக்கும் வர மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க… இல்லம்மா, வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியல."

பேசிவிட்டுத் திரும்பினார். நேரமாகிவிட்டதே என்று அவருடைய தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்த அக்கா, ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.