ருசி அறை

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர் என்னிடம் ஒரு சாவியைக் கொடுத்தார். கடைசியில் இருக்கும் பெண்கள் கழிப்பறையின் சாவி.

"உள்ள தாழ் போட்டுக்கலாம். பிளக் பாயிண்ட் கூட இருக்கு. குழந்தைக்குப் பால் எடுக்கறதுக்கு வசதியா இருக்கும்," என்றார். ஏதோ அரண்மனையை எழுதி வைத்த மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

அந்த வசதியைச் சொல்கிறேன், கேளுங்கள். தரை எப்போதும் ஈரம். எந்த ஈரம் என்று கேட்கக் கூடாது. வாஷ்பேசினில் யாருடையதோ முடி சுருண்டு கிடக்கும். தண்ணீர்க் குழாய் மூடினாலும் சொட்டும். மூக்கைப் பிடிக்க ஒரு கை, பம்பைப் பிடிக்க ஒரு கை, பாட்டிலைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? குமட்டிக்கொண்டு வந்தது. உடம்பு என்னைவிட ரோஷக்காரி. அந்த நாற்றத்தில் ஒரு சொட்டு இறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

இத்தனைக்கும் நாங்கள் வேலை செய்வது பால் தொழிற்சாலையில். வண்டி வண்டியாக வரும் பாலைச் சோதித்து, நல்லதை உள்ளே விட்டு, கலப்படத்தைத் திருப்பி அனுப்பும் கூடம் எங்களுடையது. வாலில் சாணி காய்ந்த மாட்டின் பாலுக்குக் கையுறை, தொப்பி, கொதிநீரில் கழுவிய பாட்டில், வெள்ளை ஓடு பதித்த அறை. தினமும் குளிக்கிற என் பாலுக்குக் கழிப்பறை.

வீட்டில் மகள் இருக்கிறாள். கொழுகொழுவென்று இருப்பதால் பூசணி என்று கூப்பிடுகிறோம். புட்டிப்பால் மாவை எத்தனை கம்பெனியில் வாங்கிக் கொடுத்தாலும், மூஞ்சியைச் சுளித்துத் துப்பிவிடுவாள். இன்று நான் எடுத்து வரும் பால்தான் நாளைக்குப் பகலில் அவள் சாப்பாடு. இரவு ஷிப்டுக்குப் போகும் என் கணவர் பகலில் தூக்கத்தைத் தொலைத்து அதை ஊட்டுவார். நான் எடுக்கவில்லை என்றால் அவள் பட்டினி. அவள் பட்டினி என்றால் எனக்கு வேலை இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணை மூடி பூசணியின் கன்னத்தை நினைத்து, எப்படியோ ஒரு பாட்டில் சேர்த்துவிட்டேன். மூடியைத் திருகும்போது கை வழுக்கியது. மூடி உருண்டுபோய் அந்த ஈரத்தில் விழுந்தது. அதை எடுத்துக் கழுவி என் பிள்ளை வாயில் வைப்பேனா? கூடத்துக்கு ஓடினேன். கொதிநீரில் கழுவிய சாம்பிள் பாட்டில் ஒன்றில் பாலை மாற்றினேன். 'பூசணி, நாளைக்கு' என்று எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் கீழ்த்தட்டில் ஓரமாக வைத்தேன்.

இங்கேதான் மூக்கு வருகிறார். எங்கள் தலைமை ருசியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. கருவி பத்துச் சொன்னாலும் அவர் ஒரு வாய் பார்த்துச் சொல்வதுதான் தீர்ப்பு. ருசி பார்க்கும்முன் லேபிளைப் படிக்கவே மாட்டார். தெரிந்த வண்டிக்காரனுக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதாம். குளிர்பெட்டியில் கையில் அகப்பட்ட பாட்டில்களை எடுப்பார், வெதுவெதுப்பாக்குவார், குடிப்பார், பிறகுதான் படிப்பார்.

நான் சாப்பிட்டுத் திரும்பியபோது தீர்ப்பு நடந்துகொண்டிருந்தது.

"தண்ணி கலந்திருக்கான். அது தெரியக் கூடாதுன்னு சர்க்கரை வேற போட்டிருக்கான், களவாணி! அந்த வண்டியத் திருப்பி அனுப்புங்க." சொல்லிக்கொண்டே மீதியைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். பிறகு லேபிளைப் பார்த்தார். "பூசணி... இது யாரு, புது சப்ளையரா?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. தொட்டிக் குழாயில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே, "அது என் பால் சார்," என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் ஓடினார். காறினார், கொப்பளித்தார், சோப்புப் போட்டு நாக்கைத் தேய்த்தார். மாட்டு மூத்திர வாடை அடிக்கும் பாலைக்கூட முகம் மாறாமல் சப்புக் கொட்டுகிற நாக்கு அது. இவரும் ஒரு காலத்தில் இதைக் குடித்து வளர்ந்தவர்தானே?

மேனேஜர் வந்தார். மூக்கைப் பார்த்து உச்சுக் கொட்டினார். கொட்டிப்போன பாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"என்னம்மா இது அசிங்கம்? நாலு பேர் புழங்கற இடம். இனிமே இந்தச் சமாசாரத்தையெல்லாம் வீட்டோட வெச்சுக்கோங்க. முடியலைன்னா வேலைக்கு வரணுமான்னு யோசிச்சுக்கோங்க."

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். "இருந்த கடைசிப் பாட்டிலையும் குடிச்சிட்டா," என்றார் கணவர். "நாளைக்கு இருக்கில்ல?"

"இருக்கு," என்றேன்.

பொய்தான். ஆனால் மார்பு மறுபடியும் கல்லாகக் கனத்துக்கொண்டிருந்தது. இனி அந்த நாற்றத்தில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் இறங்காது என்று எனக்குத் தெரியும். பம்பை எடுத்தேன். இன்னொரு சாம்பிள் பாட்டிலை எடுத்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மூக்கு மட்டுமே உட்காரும் ருசி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வெள்ளை ஓடு, துடைத்த மேஜை, மெத்தை வைத்த நாற்காலி. ஒரு வாடையும் இல்லை. இந்தக் கட்டடத்தில் இப்படி ஓர் இடத்தை வைத்துக்கொண்டா என்னை அங்கே அனுப்பினார்கள்!

கதவு இடிபட்டது.

"வெளிய வாங்க! இது ருசி பாக்கற இடம்!" மூக்கின் குரல்.

"அதான் பாத்தாச்சே சார்."

"வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. மேல புகார் எழுதுவேன், பாத்துக்கோங்க!" இது மேனேஜர்.

"எழுதுங்க சார். எங்க உக்காந்து எடுக்கச் சொன்னீங்கங்கறதையும் சேத்து எழுதுங்க."

வெளியே முணுமுணுப்பு. பம்பை வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பூசணியின் கன்னம் நினைவுக்கு வந்தது.

"நாங்க எங்கம்மா ருசி பாக்கறது?" மூக்கின் குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மேனேஜர் சார் குடுத்த சாவிய வெளிய கதவுப் பிடியில மாட்டியிருக்கேன் சார். உள்ள தாழ் போட்டுக்கலாம். பிளக் பாயிண்ட் கூட இருக்கு."

செருப்புச் சத்தம் கதவை விட்டு விலகிப் போனது. பாட்டிலின் அடியில் பால் விழும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.