காருக்கு மகன் முறை

மாரியாயி அதிமதுரத் துண்டு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு தலையை வாரினாள். மூஞ்சிக்கல் கடைத்தெருவில் இன்று ஆர்ப்பாட்டம். அதில் ஒப்பாரி பாடப்போவது அவள்தான். நல்ல சேலையைக் கட்டுவதா, காட்டு வேலைக்குக் கட்டுவதே போதுமா என்று மகளிடம் கேட்டாள். சாவுக்குப் போகிற மாதிரி போனால்தான் பொருத்தமாக இருக்கும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அடுப்படி வாசலில் நின்ற ஜெயா, சொல்ல வேண்டியதை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

சாகப்போவது ஒரு கார். விற்பனை படுத்துவிட்டதென்று மத்திய அரசு அந்தக் குளிர்காலத்தில் கார்களுக்கு வரியைக் குறைத்திருந்தது. கம்பெனிகள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் பூண்டி கிராமத்தில் மலைப்பூண்டு வாங்க ஆளில்லாமல் வீட்டுப் பரண்களில் புகை ஏறிக் கிடந்தது. கார்க்காரனுக்கு ஓடிப்போய்க் கைகொடுக்கிற அரசாங்கம் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் பூண்டு விவசாயிகள் சங்கத்தின் கோபம். அட்டையில் கார் செய்து, பாடையில் ஏற்றி, நடுரோட்டில் கொளுத்துவது என்று செயலாளர் சிவராமன் முடிவெடுத்தார்.

ஜெயா அந்தச் சங்கத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வேதியியல் பட்டதாரி. மண் பரிசோதனைக்கென்று எடுத்திருந்தார்கள். பெரும்பாலும் மனு எழுதினாள். ஆர்ப்பாட்டத்துக்கான கோஷங்களும் அவள் எழுதியவைதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராத அவளுக்கு, தன் வரிகளை ஒரு கூட்டமே கத்தப்போகிறது என்பதில் யாரிடமும் சொல்லாத ஒரு சந்தோஷம் இருந்தது. அம்மாவை ஒப்பாரிக்குக் கேட்கலாம் என்று சொன்னதும் அவள்தான். நாயுடுபுரத்தில், சிலோனிலிருந்து வந்த குடும்பங்களில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் மாரியாயிக்குத்தான் ஆள் வரும். அவள் எடுத்துப் பாடினால், செத்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட அழுதுவிடுவார்கள். சிவராமன் மேசையைத் தட்டி, இதற்குத்தான் படித்த பிள்ளை வேண்டும் என்றார். அந்தப் பாராட்டைத் தூங்கும்போதும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அண்ணன் கலைமணி வந்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் கதவு மாட்டுகிற பிரிவில் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. பொங்கல் லீவு என்று அம்மாவிடம் சொன்னான். பொங்கல் முடிந்தும் கிளம்பவில்லை. லீவு பாக்கி கிடக்கிறது, எடுக்காவிட்டால் வீணாகப் போகும் என்றான். ஜெயாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். விற்காத வண்டிகள் மைதானம் நிறைய நிற்கின்றன. ஒப்பந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வரியைக் குறைத்ததில் வண்டி கொஞ்சம் நகர்ந்தால், அரசாங்கம் இன்னும் ஏதாவது கொடுத்தால், சூப்பர்வைசர் திரும்பக் கூப்பிடுவார். வீட்டில் ஜன்னலோரம்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் போனும் அவனும் அங்கேயே இருந்தார்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான். அப்பா அழகையா போனபிறகு, அம்மா பூண்டிக் காடுகளில் குனிந்த முதுகு நிமிராமல் அவனை ஐ.டி.ஐ. படிக்கவைத்தாள். என் மகன் கார் செய்கிறான் என்பதுதான் காட்டு வேலைக்கு வேன் ஏறும் இடத்தில் அவள் சொல்லிக்கொள்ள வைத்திருந்த ஒரே பெருமை.

கார் கம்பெனிக்குக் கொடுக்காதே என்று தான் கோஷத்தில் எழுதியதும், கொடுக்கட்டும் என்று அண்ணன் காத்திருப்பதும் ஒரே பணத்தைத்தான் என்று ஜெயாவுக்கு அப்போது உறைத்தது. கோஷங்கள் அதற்குள் அச்சாகிவிட்டிருந்தன.

"அம்மா, தொண்டை சரியில்லன்னு சொல்லிரலாமா?"

மாரியாயி சீப்பை எடுக்காமல் திரும்பினாள். "என்னத்துக்குப் பொய்யி? நீதானடி வந்து கேட்ட. இப்பப் போயி ஏலாதுன்னா, பூண்டிக்காரவுக மூஞ்சில எப்பிடி முழிக்கிறது? அவுக காட்டுலதானே சோலி பாக்குறேன்."

"பாடட்டும் விடு ஜெயா, அட்டக் காருதான" என்று ஜன்னலோரத்திலிருந்து கலைமணி சிரித்தான். அந்தச் சிரிப்பு ஜெயாவுக்கு வசதியாக இருந்தது. அதற்குமேல் அவள் எதையும் சொல்லவில்லை.

மூஞ்சிக்கல்லில் மேகம் ரோட்டுக்கு இறங்கியிருந்தது. மூங்கில் பாடையில் கார் இருந்தது. விளக்குகளுக்குப் பதில் இரண்டு அலுமினியத் தட்டுகள், மேலே சாமந்தி மாலை. வேனிலிருந்து இறங்கிய சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்தார்கள். ஜெயா ஒரு பேக்கரிச் சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுடைய வரிகளைக் கூட்டம் கத்தியபோது, யாராவது தன்னைத் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தாள்.

மாரியாயி பாடையருகே உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். கூட்டம் தானாக அடங்கியது.

"ஆத்தா பாலு அறியாத பிள்ள – நீ
பெட்ரோலு குடிச்சு வளந்தியே,
எங்க பூண்டு புகையில காயயில – ஒனக்குப்
பட்டணத்துல பந்தி போட்டாகளே..."

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டே மாரில் அடித்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார்.

கொள்ளி வைக்க ஆள் யார் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. இறந்தவருக்கு வாரிசு டெல்லியிலிருந்து வர வேண்டும் என்றான் பக்கத்து ஊர்ப் பள்ளங்கிக்காரன் செல்லப்பாண்டி. அதுவரைக்கும் பொணம் தாங்காது என்றது இன்னொரு குரல். சிவராமன், நானே வைத்துவிடுகிறேன் என்று முன்னால் வந்தார். மாரியாயி கையை நீட்டித் தடுத்தாள். அட்டையானாலும் பாடை பாடைதான். முறையில்லாத ஆள் கொள்ளி வைத்து அவள் பார்த்ததில்லை. அவள் கண்கள் கூட்டத்தைச் சுற்றிவந்து, வேடிக்கை பார்க்க வந்து டீக்கடையருகே நின்ற மகனிடம் நின்றன.

"எம் மகன் கார் கம்பெனில இருக்காங்க. இதுக்கு அவந்தான் மகன் முறை. ஏலே மணி, வெரசா வா."

அவள் குரலில் இருந்த பெருமை எல்லோருக்கும் கேட்டது. கூட்டம் கைதட்டி வழிவிட்டது. கலைமணி தலையாட்டி மறுத்தான். யாரோ அவனை முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்கள். யாரோ ஒரு துண்டை இடுப்பில் கட்டிவிட்டார்கள். தண்ணீர்க்குடம் தோளுக்கு ஏறியது.

அண்ணனுக்கு வேலை போய்விட்டது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். கத்தக்கூட வேண்டாம், போய் அம்மாவின் காதில் சொன்னால் போதும். அம்மாவுக்கும் பேக்கரிச் சுவருக்கும் நடுவே ஒரு ரோட்டின் அகலம்தான். இத்தனை பேர் பார்க்க அதைச் சொன்னால் அண்ணனுக்கு அவமானம் என்று ஜெயா நினைத்துக்கொண்டாள். அது உண்மையும்தான். ஆனால் காலை எடுத்துவைக்க வராததற்கு அது காரணமல்ல என்று நினைக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது.

கலைமணி பாடையைச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லப்பாண்டி அரிவாள் மூக்கால் குடத்தைக் கொத்தினான். தண்ணீர் கலைமணியின் முதுகில் பீய்ச்சியடித்தது. "மொதலாளி மகனே, கொஞ்சமாச்சும் அழுப்பா" என்று ஒருவர் சீண்டினார். முதல் சுற்றில் அவன் சிரித்தான். அடுத்ததில் சிரிப்பு நின்றது. கடைசிச் சுற்று முடிந்ததும், யாரும் சொல்லாமலே பாடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். அப்பாவுக்குச் செய்தபோது அவனுக்குப் பதினாறு வயது. தோளுக்கு அது மறக்கவில்லை போலிருந்தது.

மாரியாயி அடுத்த வரியை எடுத்திருந்தாள். சாவு வீடுகளில் எல்லா முகங்களையும் பார்த்துக்கொண்டே பாடுகிறவள் அவள். யாருக்கு இழப்பு, யாருக்கு ஒப்புக்கு என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். மகனின் முகத்தில் வந்து நின்றவள், வரியைப் பாதியில் விட்டாள்.

"மணி, வேணாம்யா. கீழ போடு."

அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். அதுவும் பாட்டு என்று பக்கத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். கலைமணி குடத்தைத் தோளிலிருந்து நழுவவிட்டான். சிவராமன் கையில் திணித்த பந்தத்தைத் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகப் போட்டான். மண்ணெண்ணெயில் நனைத்த அட்டை ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. ஜெயா எழுதிய கோஷம் மறுபடி எழுந்தது. அந்தச் சத்தத்தில் அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கையில், கூடவே மாரடித்த காளியாயி பின்னால் ஓடிவந்து மாரியாயியின் கையைப் பிடித்தாள். "என்னா அழுகைக்கா! வகுத்து வலியே வந்துருச்சு. அடுத்து டீசல் வெலைக்கும் நீங்கதான்" என்றாள். மாரியாயி தலையை ஆட்டினாள். காளியாயி பிரிந்து போனபிறகு, மாரியாயி ஜெயாவைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவனுக்கு வேல இல்லையா?"

"ம்."

"ஒனக்குத் தெரியும்."

ஜெயா செருப்பைப் பார்த்து நடந்தாள்.

"என்னயக் கூப்பிட வந்தியே, அதுக்கு முன்னயே தெரியுமா, பொறகா?"

"பொறகுதாம்மா."

"பொறகும் பாட விட்டுட்ட" என்றாள் மாரியாயி. திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருந்தால் ஜெயா அழுதிருப்பாள்.

கலைமணி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து உள்ளே போகப் பார்த்தவனை மாரியாயி தடுத்தாள். கொள்ளி வைத்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது. அவள் பின்பக்கம் போய் விறகை மூட்டி வெந்நீர் வைத்தாள். துணி துவைக்கிற கல்லில் அவனை உட்காரவைத்து, வளர்ந்த ஆண்பிள்ளை என்று பாராமல், தலையில் மொண்டு மொண்டு ஊற்றினாள். அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். முதுகிலிருந்து ஆவி எழுந்து மேகத்தோடு போனது. தலையைத் துவட்டிவிட்டு, அவனைத் தோளில் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கதவை அடைக்கவில்லை. ஜெயாவை வா என்றும் சொல்லவில்லை.

பாடையைத் தொட்டவர்களுக்குத்தான் குளியல். ஜெயா தொடவில்லை, கிட்டேகூடப் போகவில்லை. அண்டாவின் அடியில் வெந்நீர் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தகர டிரம்மின் மூடியைத் திறந்தாள். முந்தின இரவுப் பனியில் ஜில்லென்று நின்றிருந்த தண்ணீரைச் சொம்பு நிறைய அள்ளி, சுடிதாரோடு, உச்சியில் கவிழ்த்தாள். மூச்சு நின்று வந்தது. மறுபடி அள்ளினாள். திறந்த கதவுக்குள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போதும் என்றும் சொல்லாமல், இன்னும் என்றும் சொல்லாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.