முத்திரை பிரிக்காத பெட்டி

முதல் டிரிப்பை முடித்து, டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது, சாதாரண உடையில் வந்த ஓர் இளம்பெண் தன்னைப் போலீஸ் என்று சொல்லிக்கொண்டாள். பஸ்ஸில் யாரோ பர்ஸைத் தொலைத்திருப்பார்கள் என்றுதான் இவள் நினைத்தாள். ஆனால் டிரைவர்கள் ஓய்வறையில் ஆளில்லாத மூலையாகப் பார்த்து உட்காரவைத்த அந்தப் பெண், கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இது பர்ஸ் விஷயம் இல்லை என்று அப்போதே இவளுக்குப் புரிந்தது.

"அக்கா, நீங்க காலேஜ் படிக்கறப்ப ஆஸ்பத்திரியில சாம்பிள் குடுத்தீங்கல்ல, அது இப்பதான் லேபுக்குப் போச்சு. ஆள் யாருன்னு தெரிஞ்சிருச்சு."

"இப்பதானா?"

"பெட்டியில வெச்சது வெச்சபடி ஸ்டோர்லயே கிடந்திருக்கு. சீலைக்கூட உடைக்கல. அந்த மாதிரி நிறைய பெட்டி. இப்ப சட்டம் மாறியிருக்கு. எல்லாத்தையும் சோதிக்கணும், சம்பந்தப்பட்டவங்களுக்குச் சொல்லணும். கேஸை நடத்தலாமா வேண்டாமான்னு உங்களைக் கேக்காம எதுவும் செய்யமாட்டோம்."

எவனோ வழிமறித்து அவளைப் பலாத்காரம் செய்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி மேஜைமேல் படுக்கவைத்து நகக்கண்களைச் சுரண்டினார்கள். உடம்பெல்லாம் பஞ்சால் ஒற்றினார்கள். உடுத்தியிருந்ததை ஒவ்வொன்றாகக் காகிதப் பையில் போட்டார்கள். இதெல்லாம் இருந்தால்தான் அவனைப் பிடிக்க முடியும் என்று நர்ஸ் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள். வெளியே நடைபாதையில், போவோர் வருவோர் காதில் விழ, அந்த வழியாக ஏன் போனாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தாள். பிறகு அப்பா, போதும், பேர் கெட்டுப்போகும் என்று வாயை அடைத்துவிட்டார். தேடியிருப்பார்கள், கிடைத்திருக்கமாட்டான். இத்தனை வருடமும் இதைச் சொல்லித்தான் மனதை ஆற்றிவைத்திருந்தாள். இப்போது அதுவும் போயிற்று.

"அன்னைக்கு எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கல," என்றாள். "இன்னைக்கு வந்து கேக்கறீங்க."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னொண்ணும் உங்ககிட்ட மறைக்கக் கூடாது. போன வருஷம் வேற ஒரு பொண்ணு. அந்தக் கேஸ்லதான் அவன் இப்ப உள்ள இருக்கான்."

அடுத்த டிரிப்பில் இரண்டு ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போய்விட்டாள். பின்னாலிருந்து யாரோ, "டிரைவரம்மா, நேரா வீட்டுக்கே ஓட்டிட்டுப் போறீங்களா?" என்றதும் பஸ்ஸே சிரித்தது. போன வருஷம், போன வருஷம் என்று எஞ்சின் அடித்துக்கொள்வதுபோல் இருந்தது.

வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். டிவியைப் போட்டாள், அணைத்தாள். எலக்ட்ரீஷியனான அவள் கணவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பே எல்லாம் தெரியும். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் டிவி ரிமோட்டை எடுத்து ஓரமாக வைத்தான்.

"விட்டுடேன். இப்பப் போய் எதுக்குக் கிளறணும்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஏங்க, அந்தப் பெட்டியும் என் நல்லதுக்குத்தான் தூங்குச்சா?"

விளக்கை அணைக்கப் போனவன் சுவிட்சில் கை வைத்தபடி நின்று, "நம்ம பொண்ணுகிட்ட யாரு சொல்றது?" என்றான்.

"நான்தான்."

மகள் கையில் பாதி உரித்த ஆரஞ்சோடு கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "நான் லேட்டா வந்தா நீ அந்தக் கத்து கத்துவியே, இதனாலதானாம்மா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினாள். "சொல்லியிருக்கலாம்ல," என்ற மகள், மீதியையும் உரித்துச் சரிபாதியாகப் பிட்டு ஒன்றை அம்மாவின் கையில் வைத்தாள். இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் அந்தப் போலீஸ்காரப் பெண்ணுக்கு போன் செய்து, நடத்துங்கள் என்றாள். ஆதாரத்தைக் காட்டியதும் அவன் இரண்டு குற்றத்தையும் ஒப்புக்கொண்டான். தண்டனையைச் சொல்வதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால் நீதிபதி முன்னால் பேசலாம், அதுவும் இப்போது வந்த உரிமைதான் என்றார்கள். பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, பேச வேண்டியதை பஸ்ஸை ஓட்டிக்கொண்டே முணுமுணுக்கிறபோதெல்லாம் முகம் தெரியாத அந்த இன்னொரு பெண்தான் எதிரே வந்து நின்றாள். அவனைப் பார்ப்பதைவிட அவளைப் பார்க்கத்தான் பயம். இன்னும் ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போய்க் கத்தியிருந்தால்? அப்பா பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால்?

கோர்ட்டில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனி அறை கொடுத்திருந்தார்கள். கணவனும் மகளும் உள்ளே இடம்பிடிக்கப் போயிருந்தார்கள். ஜன்னலோரம் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பெருவிரல் நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை சிவந்திருந்தது. யார் என்று இருவருக்குமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"என்மேல உனக்குக் கோபம் இருக்கும்மா," என்றாள். "அப்பவே நான் விடாம..."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "உங்க மேலயா? நீங்கதான் அன்னைக்கே எல்லாத்தையும் குடுத்துட்டீங்களே." கடித்த விரலை மடக்கிக்கொண்டு, "பெட்டியைத் தொறக்காதவங்க மேலதான்," என்றாள்.

கதவைத் திறந்த ஊழியர், முதலில் நீங்கள் வாருங்கள் என்று இவளைக் கூப்பிட்டார். மனதுக்குள் சொல்லிப் பார்த்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தன் கைப்பையை எடுத்து, வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடாதபடி, இவள் எழுந்துபோன நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.