வாட மறுத்த ரோஜாக்கள்

"என்னைக் கட்டிக்கிறியா?" என்று லிஃப்ட் மெக்கானிக் கேட்டபோதே அவள் சரி என்றிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "இந்தப் பூ வாடினதும் சொல்றேன்" என்று பிகு பண்ணிக்கொண்டு, அவன் நீட்டிய ரோஜாக்கொத்தை வாங்கிவந்துவிட்டாள். இரண்டு மூன்று நாள் தவிக்கட்டும், அதற்குமேல் பூ எங்கே தாங்கும் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கில் அப்பாவைச் சேர்க்க மறந்துவிட்டாள்.

அப்பா பம்பு ரிப்பேர்காரர். தினமும் ஜாடியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் மாற்றி, முங்கிய இலைகளைக் கிள்ளி, காம்பு நுனியைச் சாய்வாக நறுக்கினார். "நுனி அடைச்சுக்கிட்டா தண்ணி ஏறாதும்மா." ராத்திரியானால் ஜாடிக்குக் குளியலறையில் குளுகுளுவென்று தூக்கம்.

வாரம் தாண்டியும் ரோஜாக்கள் புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றன. "வாடிடுச்சா?" என்று போனில் கேட்கிறவன் குரல்தான் நாளுக்கு நாள் வாடியது. சொன்ன சொல்லை மாற்ற அவளுக்கும் வீம்பு விடவில்லை. ஜாடியை வெயிலில் வைத்தாள், அப்பா நகர்த்தினார். பழுத்த வாழைப்பழத்தை ஒட்டி வைத்தாள். "பழத்துக்குப் பக்கத்துல இருந்தா பூ சீக்கிரம் போயிடும். யார் வெச்சது?" என்று கேட்டார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

"இன்னிக்கு நானே வந்து பாத்துடறேன்" என்று மெக்கானிக் சொன்னதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா இந்தப் பூவுக்காக உயிரை விடுறீங்க?"

"உனக்கு ஒருத்தர் பூ குடுத்து இப்பத்தான் பாக்கறேன். லேசுல வாட விட்டுடுவேனா?"

அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அடிப்பாவி! இத்தனை நாளா அந்தப் பையனைத் தவிக்கவிட்டது நானா?" அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். "உனக்குப் பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்குப்பா."

அழைப்பு மணி அடித்தது. உள்ளே வந்த மெக்கானிக்கின் கண் நேரே ஜாடிக்குப் போயிற்று. முகம் தொங்கிவிட்டது. "சரி, அப்புறமா வரேன்" என்று திரும்பினான்.

அப்பா ஒரே எட்டில் கொத்தை உருவி, தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"நல்லாப் பாருங்க தம்பி. வாடிப்போச்சு."

"இல்லையே சார், நல்லாத்தானே..."

"தினம் பாக்கறவன் நான் சொல்றேன், வாடிப்போச்சு. நீ சொல்லும்மா."

அவள் பார்த்தாள். ஓர் இதழ்கூடச் சுருங்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"ஆமாப்பா," என்றாள், மெக்கானிக்கைப் பார்த்து. "சுத்தமா வாடிப்போச்சு."