ஏழாம் எண் ஏரி

கழனிவாக்கம் நகராட்சி, பன்னிரண்டாவது வார்டு, சகாயமாதா இரண்டாம் தெரு, ஏழாம் எண் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் இரண்டு வருடம் வடியவில்லை. வாசற்கதவு திறந்தேதான் இருந்தது. தண்ணீர் நிலைப்படி வரை வந்து, மார்பளவு உயரத்தில், கண்ணாடிப் பலகை வைத்தாற்போல் நின்றது. கையை விட்டால் நனையும். எடுத்தால் ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாது. மற்ற வீடுகளில் அந்த வாரமே வடிந்துவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய பால்ராஜும், பூந்தமல்லித் துணிக்கடையில் பில் போட்ட அவன் மனைவி ரோஸியும் அந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டும். நகராட்சி ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் ரோடு போட்டது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்பது விதி, சுரண்டாமல் மேலேயே போடுவது வழக்கம். படிகள் ஒவ்வொன்றாகத் தாருக்கடியில் போயின. பிறகு வீட்டுக்குள் இறங்குவதற்குப் படி கட்ட வேண்டியதாயிற்று. கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஜன்னலில் போகிறவர்களின் செருப்பு தெரிந்தது. வெள்ளத்துக்கு முன்னால் கடைசியாக ரோடு போட ரோலர் வந்தபோது பால்ராஜ் அதன் முன்னால் போய் நின்றான். கவுன்சிலர் மணவாளன் பைக்கைவிட்டு இறங்காமலே பேசினார்.

"இன்னா பால்ராஜு, ரோடு உசந்தா உனுக்கு இன்னா நோவுது?"

"ரோடு உசரல அண்ணாத்தே. என் ஊட்டப் பொதைச்சிகினு கீறீங்க."

"அப்போ மேல ஒரு மாடி கட்டிகினு போ மாமே. யாரு வேணான்றாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்பது தெருவுக்குத் தெரியும். இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

அந்த டிசம்பரில் புயல் கரை ஏறாமல் கடலோரமாகவே நின்று பெய்தது. தண்ணீர் முதலில் கக்கூஸ் வழியாக வந்தது, பிறகு தெருவிலிருந்து படியிறங்கி வந்தது. ரோஸியை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு மெயின் சுவிட்சை அணைக்க இறங்கிய பால்ராஜ் திரும்ப மேலே வரவில்லை. அடுத்த நகராட்சிக் கூட்டத்தில், சாலை மட்டத்துக்குக் கீழே வீடு கட்டியது இறந்தவரின் கவனக்குறைவு என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். பிறகு எல்லோருக்கும் மெதுவடை கொடுத்தார்கள்.

வடியாத தண்ணீரை எடுக்க மோட்டாரோடு டேங்கர் லாரி வந்தது. பகல் முழுக்க இறைத்தும் ஒரு நகக்கண் அளவு இறங்கவில்லை. லாரிக்காரன் இறைத்ததைப் பாரிவாக்கத்துப் புது அடுக்குமாடிகளுக்கு விற்றுவிட்டு, மறுநாள் கூப்பிடாமலே வந்தான். ரோஸி மொட்டைமாடியில் தகரம் போட்டுக் குடியிருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்: ரோட்டைச் சுரண்டிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், தண்ணீர் தானாகப் போய்விடும். ரோடு போடத்தான் நிதி உண்டு, குறைக்க நிதி கிடையாது என்றார் பொறியாளர் இளங்கோ. பொய்யில்லை. அவர் பொய் சொல்லிக் கேட்டதில்லை, வேறு எதுவும் செய்தும் பார்த்ததில்லை.

பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள உள்ளாட்சிகள் தயாராக வேண்டும், வார்டுக்கு ஒரு நீர்நிலையையாவது மீட்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது அடுத்த ஆண்டில். பன்னிரண்டாவது வார்டில் ஒரு குட்டை இருந்தது. அதன்மேல் மணவாளனின் கல்யாண மண்டபம் நின்றது. இளங்கோ டேப்பை எடுத்துக்கொண்டு ஏழாம் எண்ணுக்கு வந்து, நீளம், அகலம், ஆழம் அளந்தார். சமையலறையில் கெண்டை மீன் இருந்தது. பீரோமேல் நீர்க்கோழி முட்டையிட்டிருந்தது. 'மீட்டெடுக்கப்பட்ட நீர்நிலை' என்று வாசலில் நீலப் பலகை நட்டார்கள். நகராட்சிக்குக் கேடயம் கிடைத்தது. நீர்நிலை என்றான பிறகு அதில் குடியிருப்பவள் ஆக்கிரமிப்பாளர். பதினைந்து நாளில் காலி செய்யும்படி மணவாளனே வந்து சொன்னார்.

"ஏரிக்குள்ள ஊடு கட்டிகினு கீற. கோர்ட்டு ஒத்துக்காது ரோஸி. ஊருக்கு வெளிய எட்டாவது மாடில ஊடு தராங்க. அங்க எந்த வெள்ளமும் வராது."

"ஏரிக்குள்ள நான் ஊடு கட்டல. என் ஊட்டுக்குள்ள நீதான் ஏரி கட்டின. நானு எறங்க மாட்டேன்."

"போலீஸோட வருவேன்."

"வா. அவுரு செத்தன்னிக்குதான் வரல, இன்னிக்கின்னா வா."

அவர் வந்தார். ரோஸியை நான்கு பெண் போலீஸார் தூக்கிவந்து, எதிரே மாதா சிலை வைத்திருந்த கெபியின் முன்னால் உட்கார வைத்தார்கள். அன்று காலையில் சிரிக்க யாரும் வரவில்லை, தடுக்கவும் யாரும் வரவில்லை. எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். ஜேசிபி முதலில் தகரத்தையும் தளத்தையும் இடித்தது, பிறகு சுவர்களை. உள்ளே கிடந்த கல்லையும் கம்பியையும் வாரி லாரியில் ஏற்றியது. தண்ணீர் உடைந்து தெருவில் பாயும் என்று இளங்கோ மணல்மூட்டை அடுக்கியிருந்தார். அது பாயவில்லை. கூடத்தில் நின்ற தண்ணீர் மெல்ல விலகி, சுவர் இருந்த இடங்களுக்கெல்லாம் போய் நிமிர்ந்து நின்றது. ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னலாகவும், பரண் இருந்த இடத்தில் பரணாகவும் ஆயிற்று. மேலே தளமும் கூடியது. நடுவில் சிமென்ட் தரை வெயில் பட்டு உலர்ந்தது. ரோஸி எழுந்து புடவையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள், அதுவும் தண்ணீர்தான். தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

ஜேசிபி மறுபடி முட்டிப் பார்த்தது. பல் உடைந்தது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீரை அணைக்கத் தங்களுக்குத் தெரியாது என்று போய்விட்டார்கள். வீடு இடிக்கப்பட்டது என்று இளங்கோ அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இடித்து முடித்த வீட்டிலிருந்து ஒருவரை வெளியேற்ற நகராட்சிச் சட்டத்தில் வழி இல்லை. மணவாளன் வக்கீலைக் கேட்டார். பெரிய வக்கீலையும் கேட்டார். இப்போது அந்தத் தெருப்பக்கம் வருவதில்லை.

போன மாதம் தேர்தலுக்காக மறுபடி ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டவில்லை. ஒன்பதாம் எண்ணிலும் பதினொன்றிலும் வாசல் பாதியாகிவிட்டது, அங்கே செங்கல் அடுக்குகிறார்கள். ரோலர் போன பிறகு ரோஸியின் தண்ணீர் வீடு தானாக எழும்பி, புது ரோட்டுக்கு மேல் அரை அடி உயர்ந்து நின்றது. அவள் படியைப் பெருக்கினாள், ஒட்டியிருந்த தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள், உள்ளே போய் உலை வைத்தாள்.